அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரே அளவு

என் கல்யாணத்துக்கு ஒரே ஒரு ஆட்சேபணைதான் வந்தது. அதைக் கொடுத்தவள் மணப்பெண்.

எங்கள் கத்தோலிக்க ஊர்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, இதற்கு விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டியது என்று சாமியார் படிப்பார். பெண் ஊர்க் கோயிலிலும் படிப்பார்கள், மாப்பிள்ளை ஊர்க் கோயிலிலும் படிப்பார்கள். விக்கினம் என்றால், அவன் ஏற்கெனவே கல்யாணம் ஆனவன், இரண்டு பேரும் நெருங்கிய ரத்த உறவு, இந்த மாதிரி. எனக்குத் தெரிந்து யாரும் எதையும் போய்த் தெரிவித்ததில்லை. வயிற்றெரிச்சல் பிடித்தவன்கூட மொட்டைக் கடிதாசி எழுதுவானே தவிர நேரில் போய் நிற்க மாட்டான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. எனக்கு இருபத்தெட்டு வயது. விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். கொஞ்சம் நஞ்சையும் உண்டு. அப்பா இல்லை, அம்மா மட்டும். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. வரதராஜன்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரி. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலேயே தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நிச்சயத்தன்று ஒரே ஒரு தடவை பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. மூக்கு மட்டும்தான் தெரிந்தது. பரவாயில்லை, நல்ல மூக்கு என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். இவள்தான் வேண்டும் என்றெல்லாம் அப்போது எனக்கு இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இரண்டாவது ஓலை வாசித்தாயிற்று. மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும், கையில் சாக்பீஸ் மாவோடு நேரே அவள் ஊர்ச் சாமியாரிடம் போயிருக்கிறாள்.

"சாமி, எனக்கு ஒரு விக்கினம் தெரியும். பொண்ணுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு. அரியலூர் டாக்டர் வேலைக்கு சர்டிபிகேட் தர மாட்டேன்னுட்டாரு. வூட்டுல மாப்பிள்ளை வூட்டுக்குச் சொல்லாம மறைக்கிறாங்க."

சாமியாருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லையாம். பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். "அது விக்கினம் இல்ல புள்ள, சட்டத்துல அப்புடி ஒண்ணு இல்ல" என்றிருக்கிறார். "அறிஞ்சவங்க சொல்லணும்னு நீங்கதான சாமி ரெண்டு வாரமாப் படிக்கிறீங்க. நான் அறிஞ்சிருக்கேன். சொல்லாம நீங்க தாலிய மந்திரிச்சுக் குடுத்தா அந்தக் கல்யாணம் செல்லுமா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. மறைத்துவிட்டுத் தாலி கட்டிக்கொண்டால் கல்யாணமே செல்லாது என்று நிஜமாகவே நம்பியிருந்தாள். ஓலை படிப்பதை எல்லாரும் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்போம். அவள் ஒருத்திதான் அதன் அர்த்தத்தைக் கேட்டவள்.

சாமியாரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். படித்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் முன்கோபி, ஊரறிந்த விஷயம். பெண்ணின் அப்பாவை வாயில் வந்தபடி ஏசினேன். களவாணிப் பயல் என்றேன், வியாதிக்காரியைத் தலையில் கட்டப் பார்த்தான் என்றேன். முற்றத்தில் கிடந்த கூடையை உதைத்ததில் அடியில் அடைத்திருந்த கோழி அலறிக்கொண்டு ஓடியது. அம்மா அந்தக் கோழியைப் பிடித்து மறுபடி அடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "கொதிப்பு அந்தப் புள்ளைக்கா உனக்கா? மொதல்ல அத விசாரி."

கடிதத்தோடு இன்னொரு துண்டுச் சீட்டும் இருந்தது. அரியலூர் டாக்டருக்கு அவள் கைப்பட எழுதியது. 'இதைக் கொண்டு வருகிறவரிடம் என் உடம்பைப் பற்றி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லவும்.' பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுகிற உருண்டை எழுத்து. அதைப் படித்த பிறகு எனக்குக் கத்த வாய் வரவில்லை.

புதன்கிழமை வண்டி பூட்டிக்கொண்டு அரியலூர் போனோம். அம்மாவும் வருகிறேன் என்றாள். ஆறேழு மாதமாகத் தலை கிறுகிறுக்கிறது, எனக்கும் அந்த டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டுமே என்றாள். அவளுக்கு அப்போது அறுபத்தொன்று.

டாக்டர் ஸ்டேஷன் ரோட்டில் இருந்தார். வயசானவர், அதிகம் பேசாதவர். சீட்டைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு மரப்பெட்டியைத் திறந்து நிமிர்த்தி வைத்தார். உள்ளே கண்ணாடிக் குழாயில் பாதரசம். முதலில் என் கையில் துணிப்பட்டையைச் சுற்றி ரப்பர் பந்தை அமுக்கினார். நூற்றுப் பதினெட்டு. "நல்லாருக்கு" என்றார். அம்மாவுக்கு ஒரே ஏமாற்றம். இத்தனை கோபத்துக்கு ஒன்றுமே இல்லையா என்று பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

அடுத்தது அம்மா. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். நூற்றெண்பது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை.

"வயசோட நூறச் சேத்துக்கன்னு நாங்க ஒரு கணக்குச் சொல்லுவோம். உங்கம்மாவுக்கு நூத்தி அறுவது இருக்கலாம், கொஞ்சம் கூட இருக்கு. உப்பக் கொறைங்க அம்மா, வெயில்ல அலையாதீங்க. ரொம்ப நாள் இருப்பீங்க."

"அந்தப் பொண்ணுக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.

"அதே நூத்தியெம்பதுதான்."

அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் பெட்டியை மூடினார். மூடிவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார்.

"அளவு ஒண்ணுதான் தம்பி. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. கெணத்துல கவலை கட்டித் தண்ணி இறைக்கிற மாடு பாத்துருக்கீங்கள்ல? உங்கம்மா இருதயம் அறுவது வருஷம் லேசா இழுத்துட்டு இப்பத்தான் பெரிய பாரத்துக்கு வந்துருக்கு. அந்தப் பொண்ணுக்கு இருவது வயசுலயே பெரிய பாரம். இன்னும் நாப்பது வருஷம் இழுக்கணும். இழுக்காது. இப்பவே இருதயம் வீங்க ஆரம்பிச்சிருக்கு. ஒரு நாளைக்கு அசந்துரும். காலுல நீர் கோக்கும், மூச்சு வாங்கும்."

"மருந்து?"

"கொதிப்பக் கொறைக்க மருந்து இல்ல. உப்பில்லாச் சோறு, ஓய்வு. அவ்வளவுதான். புள்ள மட்டும் உண்டாகக் கூடாது. உண்டானா அத்தோட முடிஞ்சுது."

எத்தனை வருஷம் இருப்பாள் என்று கேட்டேன். அஞ்சு இருக்கலாம், பத்தும் இருக்கலாம், எனக்குத் தெரியாது என்றார். அந்த மனுஷர் ஒளிக்காமல் சொன்னார். சீட்டில் அப்படித்தானே எழுதியிருந்தது.

திரும்பும்போது கீழப்பழுவூர் தாண்டியாயிற்று. அம்மாதான் ஆரம்பித்தாள்.

"அந்தப் புள்ளைக்கும் எனக்கும் ஒரே அளவுன்னுட்டாரே. நான் என்ன செத்தா போயிட்டேன்? கத்திரி வெயில்ல களை எடுக்குறேன். இதுக்குப் போயி ஒரு நல்ல புள்ளைய வுடுவாங்களா? மூணாவது ஓலையப் படிக்கச் சொல்லு."

டாக்டர் சொன்னது அம்மாவுக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. அளவு ஒன்றென்றால் வியாதியும் ஒன்று என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் சாமியார் முன்னால் போய் நின்றாள் என்று கேட்டதிலிருந்து எனக்கு வேறு பெண் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அம்மா தப்பாகப் புரிந்துகொண்டது எனக்குத் தோதாக இருந்தது. மாட்டைத் தட்டி ஓட்டினேன். ஊருக்கு வந்ததும் என் சித்தப்பாக்களிடமும் அம்மா அதையே சொன்னாள்.

ஆனாலும் அந்தப் பெண்ணைக் கேட்காமல் ஓலையைப் படிக்கச் சொல்ல மனசு வரவில்லை. சனிக்கிழமை அவள் ஊருக்குப் போனேன். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைப் பார்க்கப் போவது எங்கள் பக்கம் நடக்காத காரியம். சாமியார் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டுத் திரும்பி உட்கார்ந்து ஜெபப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தை ரொம்ப நேரம் படித்தார்.

அவள் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. "டாக்டர்கிட்ட போனீங்களா?" என்று கேட்டாள்.

"போனேன்."

"எல்லாத்தையும் சொன்னாரா? புள்ள விஷயம்?"

"அதையும் சொன்னாரு."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

"நாளைக்கு மூணாவது ஓலை படிக்கட்டுமான்னு கேக்க வந்தேன்."

அவளுக்கு மூச்சு மேலும் கீழும் போவது தெரிந்தது. பிறகு கேட்டாள்: "உங்களுக்கு ரொம்பக் கோவம் வருமாமே?"

"வரும்."

"எம்மேல கோவப்படுங்க, எவ்வளவு வேணா. பாவப்படக் கூடாது. அது முடியுமா உங்களால?"

முடியும் என்றேன். "அப்பப் படிக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓலை படித்தார்கள். யாரும் எதையும் தெரிவிக்கவில்லை. வைகாசியில் கல்யாணம்.

பிள்ளை கூடாது என்றதால் நாங்கள் வேறுவேறு பாயில் படுத்தோம். இரண்டு பேரும் மனமொத்து அப்படி இருந்தால் பாவம் இல்லை என்று சாமியார் சொல்லியிருந்தார். அது எங்கள் விஷயம், அதற்கு மேல் எழுதமாட்டேன். "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று குளத்தங்கரையில் கேட்கிற பெண்களிடம் அவள், "எனக்கு நாப்பத்திரண்டு புள்ளைங்க இருக்கே, வந்து பள்ளிக்கூட ரிஜிஸ்டரப் பாருங்க" என்பாள். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே அவளுக்கும் தற்காலிகமாக ஒன்றாம் வகுப்புக் கொடுத்திருந்தார்கள். ஒருத்தி இரண்டாம் தடவை அதே கேள்வியைக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். சண்டைக்குப் போகவிடாமல் என்னை இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் அம்மா ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தாள். மருமகளுக்கு மட்டும் தனியாக உப்பில்லாமல் சமைத்தால் அவளை ஒதுக்கி வைத்த மாதிரி இருக்குமாம். வீடு முழுக்க ஒரே பானை, அதில் உப்பே கிடையாது என்று சட்டம் போட்டாள். எங்கள் பக்கம் இலை போட்டால் முதலில் வைப்பது உப்பு. எங்கள் வீட்டு இலையில் அது இல்லை. விருந்தாளிகள் ஒரு வாய் வைத்ததும் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அவமானப்படுத்துகிறோம் என்று எண்ணி ஒரு தூரத்து உறவுக்காரர் பாதியில் எழுந்தே போய்விட்டார். அறுப்பு நேரத்தில் எங்கள் வயலில் வேலை செய்த ஆளுக்குக் கை கால் எல்லாம் இழுத்துக்கொண்டது. "வாத்தியாரே, உங்க வூட்டுக் கஞ்சியக் குடிச்சிட்டு வெயில்ல நிக்க முடியல, என்னைய வுட்டுருங்க" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் வயலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு கொட்டாங்கச்சியில் உப்பு வைக்க அம்மா சம்மதித்தாள். நான் வயலுக்குப் போகிற ஆளில் சேர்த்தி இல்லை. உடன் வேலை பார்த்த வாத்தியாரின் தூக்குப்பாத்திரத்திலிருந்து மாங்காய் ஊறுகாயைத் திருட்டுத்தனமாகத் தின்றுகொண்டிருந்தேன். ஒரு நாள் என் விரலை மோந்து பார்த்துவிட்டு, "நல்ல ஊறுகா" என்றாள் அவள். அதோடு சரி. அன்றைக்கே அதை விட்டேன்.

பக்கத்து வயல்காரருக்கும் எனக்கும் ஒரு சமயம் வரப்புத் தகராறு. வீட்டு வாசலிலேயே வந்து நின்று, "நீயெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று கேட்டுவிட்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது: "இல்லீங்க மாமா, எங்க வூட்டுல யாருமே போடறதில்லீங்க." அவர் விழித்தார். பிறகு சிரித்துவிட்டார். நானும் சிரித்துத் தொலைத்தேன். வரப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் தன் உடம்பைக் கண்காணித்த விதம்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். காலில் நீர் கோர்க்கிறதா என்று பார்க்க முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அமுக்க வேண்டும், குழி விழுந்தால் நீர் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. மாதாவை நோக்கிச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டாள். ஒரு மந்திரம் முடிவதற்குள் குழி மறைந்துவிட்டால் பள்ளிக்கூடம் போகலாம். இரண்டாவது மந்திரம் தேவைப்பட்டால் பாதி நாள். மூன்றாவதுக்கும் மறையாவிட்டால் படுக்கை. காலையில் எழுந்ததும் மாமியாரும் மருமகளும் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு காலை அமுக்கிக்கொண்டு ஒரே குரலில் மந்திரம் சொல்வார்கள். அம்மா காலில் குழியே விழாது. ஆனாலும் ஒரு நாள் விடாமல் கூட உட்காருவாள்.

பள்ளிக்கூடம் எட்டிய தூரம்தான். அந்தத் தூரத்தையும் அவள் நாலாகப் பிரித்து வைத்திருந்தாள். கிணற்றடியில் நின்று யாரையாவது நலம் விசாரிப்பாள். வேப்பமரத்தடியில் சேலை மடிப்பைச் சரிசெய்வாள். கோயில் முன்னால் நின்று சிலுவை போடுவாள். ஊருக்கெல்லாம் அவள் பழகுவதற்கு இனியவள், பக்தியுள்ளவள். மூச்சு வாங்குவதற்காக நிற்கிறாள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. உட்கார்ந்தபடியே ஒன்றாம் வகுப்பை நடத்தினாள். குரலை உயர்த்தினதே இல்லை. நான் பக்கத்து அறையில் பிரம்பும் கையுமாகக் கத்திக்கொண்டிருப்பேன், அவள் வகுப்புதான் என் வகுப்பைவிட அமைதியாக இருக்கும். எனக்குப் பொறாமையாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

மூன்றாவது வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். அவள் மந்திரம் சொல்வது காதில் விழுந்தது. வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்துச் சொன்னாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை கோயிலில்கூட ஜெபத்தை அப்படி இழுக்கமாட்டார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து இழுத்தாள். எனக்கு விளங்கிவிட்டது. ஒரே மந்திரத்துக்குள் குழியை மறைய வைக்கப் பார்க்கிறாள். அன்றைக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதுப் பாடம்.

கிட்டே போய் அவள் காலை நானே அமுக்கினேன். வேகமாக மந்திரம் சொன்னேன். நான்கு சொல்லியும் குழி அப்படியே இருந்தது. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. அவள் புத்தகப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்தாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இறக்கம்தான். படுத்தால் மூச்சு முட்டும், நெல்லு மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். வாரம் ஒரு தடவை வண்டியில் வைக்கோல் பரப்பி அரியலூருக்குக் கொண்டு போவேன். டாக்டர் ஒரு ஊசி போடுவார், நீர் பிரிந்து கால் வடியும், நாலு நாள் சிரித்துப் பேசுவாள். ஐந்தாம் நாள் மறுபடி வீங்கும். ஏதோ இலையிலிருந்து எடுத்த மருந்து என்று சொட்டுக் கணக்கில் கொடுத்தார். அதுவும் கொஞ்ச நாள் தாங்கியது.

பார்க்க வந்த பெண்களிடம் அம்மா ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எனக்கும் இவளுக்கும் ஒரே அளவு. நான் எப்படி இருக்கேன் பாருங்க. இவளும் எந்திரிச்சிருவா." பெண்கள் போனதும் நான் வெடித்தேன். மூன்று வருஷம் அடக்கி வைத்திருந்தது அது.

"ஒரே அளவு, ஒரே அளவுன்னு எத்தன நாளைக்குச் சொல்லிட்டிருப்ப? உனக்கு வந்தது அறுவது வயசுல. அவளுக்கு வந்தது இருவதுல. டாக்டர் அன்னைக்கே சொன்னாரு, உனக்குத்தான் புரியல. தெரிஞ்சிருந்தா இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டிருப்பியா நீ?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுதான்டா. காதுமா கேக்காது? கவலை மாடு கதைய அவரு எனக்கு முன்னாலதான சொன்னாரு? நான் அப்புடிச் சொல்லலன்னா உன் சித்தப்பன்மாருக ஓலையப் படிக்க வுட்டுருப்பானுவளா? வண்டியில உன் மூஞ்சியப் பாத்தேன். கட்டுனா இவளத்தான் கட்டுவேன்னு எழுதி ஒட்டியிருந்துச்சு. எனக்கும் அந்தப் புள்ளையப் புடிச்சிருந்துச்சு. அதான் சொன்னேன்."

உள்ளே மூட்டைமேல் சாய்ந்திருந்தவளின் குரல் வந்தது. மூச்சுக்கு நடுவில் நின்று நின்று பேசினாள்.

"ரெண்டு பேரும்... சண்ட போடாதீங்க. அத்தை எங்கிட்ட... கல்யாணமாகி மொத வாரமே... சொல்லிட்டாங்க."

மூன்று வருஷமாக அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று நான் காத்த ரகசியம், அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது, அது தெரியாதவன் நான் ஒருத்தன்தான். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு பெண்கள்மேலும் வந்த மரியாதைக்கு அளவில்லை.

மாசி மாதம் அவள் போனாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெய் பூசியிருந்தார். அவள் போன அன்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள். "நீங்க போங்க, வாத்தியார் இல்லாட்டி எழுதிட்டுப் போயிருவாரு" என்றாள். இன்ஸ்பெக்டர் கிடக்கான், அவன் அப்பன் வந்தாலும் நான் போகமாட்டேன் என்று கத்தினேன். அவளுக்கு அதில் சந்தோஷம் போலிருந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பின்னால் உட்கார்ந்து அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டிருந்தாள். பத்துமணி வெயில் முற்றத்துக்கு வந்தபோது மூச்சு நின்றது. அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது, அம்மா நெஞ்சில்தானே சாய்ந்திருந்தாள். அவளுக்கு வயது இருபத்தைந்து.

அம்மா அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் இருந்தாள். நான் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப்பற்றி என்னிடம் பேச வந்தவர்கள் ஒருத்தரும் இரண்டாம் தடவை வரவில்லை.

ரிட்டையராகிச் சில வருஷம் கழித்து எனக்குப் பின்மண்டையில் வலி வந்தது. பெரம்பலூரில் டாக்டருக்குப் படித்த ஒரு சின்னப் பெண்ணிடம் போனேன். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரஷர் இருக்குங்க ஐயா. பயப்பட ஒண்ணுமில்ல, தெனமும் காலையில ஒரு மாத்திர போட்டுக்குங்க" என்றாள்.

"இருவத்திரண்டு வயசுல வந்தாலும் மாத்திர இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குங்க. அந்த வயசுல வந்தா எதனால வந்துச்சுன்னு தேடிப் பாப்போம், விடாம மாத்திர குடுப்போம். சின்ன வயசுலதாங்க ரொம்பக் கவனமா இருக்கணும், இருதயம் கெட்டுரும். ஒழுங்கா சாப்ட்டா கல்யாணம், கொழந்த எல்லாம் டாக்டர் பாத்துக்கிட்டே செய்யலாம். யாருக்குங்க, பேத்திக்கா?"

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மருந்துக்கடையில் அட்டையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக, துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. கசக்கக்கூடச் செய்யாது என்று கடைக்காரன் சொல்லியிருந்தான்.

அந்த முதல் மாத்திரையை விழுங்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.